யாரும் இறங்காத ஏற்றம்

பண்டாரவளையில் ஒரு உதிரிப்பாகக் கடை வாசலில்தான் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஓடும் அந்த ஆட்டோக்கார அக்காவைப் பார்த்தேன். நல்ல உயரம். ஸ்வெட்டர் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டிருந்தார். எஞ்சின் ஒயில் பார்க்கும் குச்சியை உருவி, ஒரு சொட்டை விரல்களுக்கிடையே தேய்த்து முகர்ந்தார்.

"மொதலாளி, சீல் உடைக்காத டின் குடுங்க. பீப்பாயில அளந்து ஊத்துறது வேணாம்."

"மாத்துற அளவுக்கு வண்டி இன்னும் ஓடலியே, தங்கச்சி?" என்றார் கடைக்காரர்.

"தூரம் ஓடலதான். ஓடுனதெல்லாம் ஏத்தமுல்ல? கருகிப் போச்சு, மோந்து பாருங்க" என்று விரலை அவர் மூக்குக்கே நீட்டிவிட்டார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே டின்னை எடுத்து வைத்தார்.

ஒயில் மாற்றிய கையோடு கிளம்பிய அந்த வண்டியிலேயே நானும் தோட்டத்துக்குத் திரும்பினேன். வண்டி நிறைய ஆட்கள், அரிசி மூட்டை, வெளியே மழை. எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே உள்ள செங்குத்தான ஏற்றத்தில், எந்த ஆட்டோவாக இருந்தாலும் ஆட்கள் இறங்கி நடப்பதுதான் வழக்கம். யாரும் சொல்ல வேண்டியதில்லை. பழக்கத்தில் நானும் ஒரு காலை வெளியே வைத்தேன்.

அவர் கண்ணாடியில் என்னை முறைத்தார்.

"கால உள்ள வைங்க தம்பி. வலி வந்த புள்ளத்தாச்சிங்கள ஏத்திட்டுப் போற வண்டி இது. அவங்கள எறங்கி நடன்னு சொல்ல முடியுமா?"

வண்டி திணறாமல் ஏறி, லயத்து வாசலில்தான் நின்றது.

அந்த வண்டி கிடைக்காத நாட்களில் இப்போதும் வேறு ஆட்டோக்களில் வருகிறேன். அந்த ஏற்றத்தில் இறங்கி நனைந்துகொண்டு நடக்கும்போதெல்லாம், யாரையும் இறங்கவிடாத வண்டி ஒன்று எங்கள் தோட்டத்தில் இருக்கிறதென்று, கூட நடப்பவரிடம் மூச்சு வாங்கப் பெருமையடிக்கிறேன்.