வியாழக்கிழமை கடைசி பீரியட்

விழுப்புரத்தில் ஒரு பள்ளியில் நான் கணக்கு டீச்சர். பொதுத்தேர்வு நெருங்கும்போது கணக்கு டீச்சர்கள் வழக்கமாகச் செய்கிற ஒரு காரியத்தை நான் செய்வதில்லை. பி.டி. பீரியடைக் கேட்டு வாங்குவதில்லை. எங்கள் தலைமையாசிரியைக்கு இதில் கொஞ்சம் மனவருத்தம் உண்டு. பி.டி. சாருக்கோ என்மேல் தனி மரியாதை. விளையாட்டு விழா அன்று எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டு, கையில் ஒரு குளிர்பானமும் கொடுத்துவிடுவார். விளையாட்டு என்றால் எனக்கு உயிர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் பாவம். எனக்கு உயிர் கணக்குதான். பி.டி. என்றால் இன்றைக்கும் பயம்.

திண்டிவனத்திலிருந்து மயிலம் போகிற வழியில் இருந்தது நான் படித்த பள்ளி. கணக்கில் தப்புப் போட்டால் அது நோட்டுக்குள்ளேயே இருக்கும், அழித்துவிட்டு மறுபடி போடலாம். பி.டி.யில் தப்புச் செய்தால் மைதானமே பார்க்கும். ஒன்பதாவது படிக்கும்போது லாங் ஜம்ப் தாண்டச் சொன்னார்கள். நான் வேகமாக ஓடிவந்து, தாண்ட வேண்டிய இடத்தில் தாண்டாமல் குப்புற விழுந்து, வாயெல்லாம் மணலோடு எழுந்தேன். அதற்கப்புறம் ஒரு மாதம், என்னைக் கண்டால் போதும், பையன்கள் மணலைத் துப்புவதுபோலத் துப்பிக் காட்டுவார்கள்.

என் அத்தை பெண் இதற்கு நேர் எதிர். அத்தை சென்னையில் கட்டட வேலைக்குப் போய்விட்டதால் அவள் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். இருவருக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு. கணக்கு நோட்டைத் திறந்தால் அவளுக்குக் கொட்டாவி வரும். வியாழக்கிழமை கடைசி பீரியட் பி.டி.; அந்த ஒரு பீரியடுக்காக வாரம் பூராவும் பொறுமையாகப் பள்ளிக்கு வந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். பத்தாவது முடிந்ததும் அவளைத் தன்னோடு வேலைக்குக் கூட்டிக்கொண்டு போகப் போவதாக அத்தை சொல்லியிருந்தார். அதிலிருந்து தப்ப ஒரே ஒரு வழி இருந்தது. விழுப்புரத்தில் விளையாட்டு விடுதி ஒன்று உண்டு. அங்கே சேர்ந்துவிட்டால் சாப்பாடு, படிப்பு எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். எங்கள் பி.டி. சார் யார் யாரிடமோ சொல்லி, அந்த விடுதிக்கு ஆள் எடுக்கிற மேடத்தை ஒரு வியாழக்கிழமை எங்கள் பள்ளிக்கு வர ஏற்பாடு செய்திருந்தார். அந்த மேடம் சரி என்று சொன்னால் அவளுக்குப் படிப்பு. இல்லையென்றால் செங்கல்லும் மணலும்தான்.

இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அன்று காலை பிரேயரில் பி.டி. சார், "பத்தாவது பொண்ணுங்க எல்லாரும் மேடம் முன்னாடி ஓடணும், லாங் ஜம்ப்பும் பண்ணணும்" என்று சொன்னதில் எனக்கு லாங் ஜம்ப் மட்டும்தான் காதில் விழுந்தது. மத்தியானம் சோறு இறங்கவில்லை. நான் கிளாஸ் லீடர். யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து ஸ்டாஃப் ரூம் வாசலில் போய் நின்று கணக்கு சாரைக் கூப்பிட்டேன்.

"சார், முக்கோணவியல் ஒண்ணுமே புரியல சார். கடைசி பீரியடு வர்றீங்களா?"

முக்கோணவியல் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அது அவருக்கும் தெரியும். ஆனால் அவருடைய இத்தனை வருஷ சர்வீஸில் யாரும் அவரை வெற்றிலை பாக்கு வைக்காத குறையாக வகுப்புக்கு அழைத்ததில்லை. முகம் மலர்ந்துவிட்டது. அத்தை பெண்ணின் ஓட்டத்தை மேடம் இன்னொரு நாள் வந்து பார்த்துக்கொள்ள மாட்டாரா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு திரும்பி வந்தேன்.

கடைசி பீரியட் பெல் அடித்ததும் கணக்கு சார் சாக்பீஸோடு உள்ளே நுழைந்தார். வகுப்பே உஸ்ஸென்று மூச்சு விட்டது. அத்தை பெண் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வெளியே புங்கமரத்தடியில் தொப்பி போட்ட ஒரு மேடம் ஒன்பதாவது பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது அங்கிருந்து தெரிந்தது. சற்று நேரத்தில் பி.டி. சார் எங்கள் வாசலுக்கு வந்தார்.

"சார், அந்தப் பொண்ண மட்டும் ஒரு பத்து நிமிஷம் அனுப்புங்க சார்."

"பத்தாங்கிளாஸ் சார் இது. ஏற்கெனவே கணக்குல பெயிலு. ஓடி இன்னா ஆவப்போது?"

பி.டி. சார் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். அத்தை பெண் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேனாவைத் திறக்கவில்லை. எழுந்து நின்று, நான்தான் பொய் சொன்னேன், அவளை விடுங்கள் சார் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கரும்பலகையில் இருந்த கணக்கை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

பள்ளி விட்டதும் அவள் முதல் ஆளாக வெளியே பாய்ந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன். கேட்டில் பி.டி. சார் நின்றிருந்தார்.

"மேடம் போய்ட்டாங்கம்மா. பஸ்ஸு ஏறி நாலு நிமிஷம் ஆச்சு."

அந்த டவுன் பஸ் நேராகத் திண்டிவனம் போகாது. ஊருக்குள் புகுந்து, தண்ணீர் டேங்க் பக்கம் திரும்பி, மெதுவாகக் கூட்டுரோட்டுக்கு வந்து சேரப் பத்து நிமிஷம் ஆகும். பஸ்ஸை விட்டவர்கள் வேர்க்கடலைக் கொல்லை வழியாகக் குறுக்கே நடந்து அடுத்த பஸ்ஸைப் பிடிப்பார்கள். குறுக்கே போனால் ஒன்றரை கிலோமீட்டர். மீதி ஆறு நிமிஷம், தூரம் ஒன்றரை, அதுவும் மல்லாட்டை பிடுங்கிப் போட்ட பொலபொலத்த மண். என் மூளை அந்த இடத்திலேயே கணக்கைப் போட்டு, முடியாது என்று விடை சொல்லிவிட்டது.

அவள் கணக்கெல்லாம் போடவில்லை. பையை என் கையில் திணித்தாள், துப்பட்டாவின் பின்னைக் கழற்றி அதையும் என்மேல் வீசினாள், செருப்பை வரப்பில் உதறிவிட்டு ஓட ஆரம்பித்தாள்.

அதுவரை ஓட்டம் என்றால் மூச்சிரைக்க, கைகால் உதற, அவசரமாகப் போவது என்றுதான் நான் நினைத்திருந்தேன், ஏனென்றால் நான் அப்படித்தான் ஓடுவேன். அன்றுதான் ஓட்டத்தைப் பார்த்தேன். அவளிடம் ஒரு அசைவுகூட வீணாகவில்லை. தலை ஆடவில்லை. கால் அந்தப் புழுதியில் புதையவே இல்லை. அடித்தல் திருத்தல் இல்லாமல் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நேராக இறங்கி வருகிற ஒரு கணக்கைப்போல இருந்தது. இரண்டு பைகளோடு நான் வரப்பில் அப்படியே நின்றுவிட்டேன். உடம்பெல்லாம் புல்லரித்தது. தினமும் என் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறவள், என் தட்டிலிருந்து முட்டையைத் திருடித் தின்கிறவள், இவளா இது என்று வாய் பிளந்து பார்த்தேன்.

கொல்லை நடுவில் பெண்கள் உட்கார்ந்து மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் என் அம்மாவும் இருந்தார். ஒருத்தி தங்களைத் தாண்டிப் பறந்து போவதைப் பார்த்துப் பதறி எழுந்து என்னை நோக்கிக் கத்தினார்.

"ஏய், இன்னாடி ஆச்சு? எவன்னா தொரத்திக்கினு வர்றானா?"

"பஸ்ஸப் புடிக்கப் போறாம்மா!"

"பஸ்ஸுக்கா இந்த ஓட்டம்? அடுத்த பஸ்ஸு இல்லியா?"

தூரத்தில் பஸ் கூட்டுரோட்டுக்கு வந்து நின்றது. அதற்கு முன்பே அவள் அங்கே ரோட்டோரத்தில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் போட்ட கணக்கின் விடை தப்பாகிப்போனது. அதற்காகச் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல்முறை. பஸ் கிளம்பிய பிறகு பார்த்தேன், தொப்பிக்கார மேடம் கீழே இறங்கி நின்றிருந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது எனக்குத்தான் மூச்சு வாங்கியது. மேடம் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இவ சொல்றது நெஜமா? பெல் அடிச்சப்புறம்தான் கெளம்புனாளா?"

"ஆமா மேடம். ஆறு நிமிஷம்."

மேடம் அவளுடைய புழுதிக் கால்களையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப கிரவுண்டுக்கு ஏன் வரல?"

நான் பைகளைக் கை மாற்றிப் பிடித்தேன். அத்தை பெண் என் தோளிலிருந்து துப்பட்டாவை எடுத்து, குனிந்து பின்னைக் குத்திக்கொண்டே சொன்னாள்.

"கணக்கு சார் வந்துட்டாரு மேடம்."

அவ்வளவுதான் சொன்னாள். மேடம் ஒரு நோட்டில் அவள் பெயரை எழுதிக்கொண்டு, "சனிக்கிழமை காலையில விழுப்புரம் கிரவுண்டுக்கு வந்துடு. செருப்பு இல்லாமயே வா, பரவால்ல" என்றார்.

அப்பா கூட்டிப்போனார். அவளை எடுத்துக்கொண்டார்கள். கணக்கில் எப்படியோ முட்டி மோதிப் பாஸும் ஆகிவிட்டாள். ஜூன் மாதம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவளை விழுப்புரம் பஸ்ஸில் ஏற்றிவிட எல்லாரும் போயிருந்தோம். பஸ் நகரும்போது ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் காதைத் திருகினாள்.

"இனிமே வியாழக்கிழம கடைசி பீரியடு நிம்மதியா கணக்கு போடுடி."

இப்போது அவள் போலீஸில் இருக்கிறாள். ஊருக்கு வரும்போதெல்லாம் என் தட்டிலிருந்து முட்டையை எடுத்துக்கொள்கிறாள். அந்த வியாழக்கிழமையைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. அவளுக்குத் தெரியாது என்றுதான் நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். போன தேர்தலுக்கு அதே பள்ளியில் எனக்கு வேலை போட்டார்கள். வாக்குச்சாவடி எங்கள் பழைய பத்தாம் வகுப்பு. ஓட்டுப் போட ஆள் வராத மத்தியான நேரத்தில் அவள் உட்கார்ந்த ஜன்னலோரம் போய்ச் சும்மா உட்கார்ந்தேன். அங்கிருந்து புங்கமரம் தெரிந்தது. கொஞ்சம் தலையைத் திருப்பினால் அன்று நான் போய் நின்ற ஸ்டாஃப் ரூம் வாசலும் தெரிந்தது.

பஸ் ஏற்றிவிட்ட அன்று திண்டிவனத்தில் எனக்கு அது தெரியவில்லை. அவள் வழக்கம்போல என்னைக் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து, பஸ் மறையும்வரை சிரித்துக்கொண்டே கையாட்டிக்கொண்டிருந்தேன்.