மரங்கொத்தி இருக்கா, இல்லையா?

துராங்கோ மலையின் பைன் காட்டில் மரம் வெட்டியே முதுகு ஒடிந்தவர் என் அக்கா புருஷன் எவரிஸ்தோ. சாராயக்கடையில் எங்களுக்குள் எப்போதும் ஒரே சண்டைதான்: இந்தக் காட்டின் பெரிய மரங்கொத்தி இனம் இன்னும் இருக்கிறதா, இல்லையா?

"இருக்கு மச்சான்! போன வாரம்கூட அது கொத்துற சத்தம் கேட்டேன்," என்றேன் நான்.

"உன் காதுல ரம்பச் சத்தம்தான் கேக்கும். அது செத்து ஒழிஞ்சு போச்சு மாப்ள."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒண்ணைச் சுட்டா அதோட ஜோடி பறந்து போகாது. பக்கத்துலயே உக்காந்து கத்தும். அதையும் சுட்டு, ரெண்டையும் சேத்துக் குழம்பு வைப்போம். மறந்துட்டியா?"

"அதுக்கென்ன இப்போ?"

அவர் கிளாஸைக் கவிழ்த்து வைத்தார்.

"கடைசியா நான் ஒண்ணைச் சுட்டப்போ, இருட்டுற வரைக்கும் துப்பாக்கியோட காத்திருந்தேன். எதுவும் வரல."