பச்சைக்கரைத் துணி

சாக்கின் வாயைப் பச்சைக்கரைத் துணித்துண்டால் இறுக்கி, முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்த பிறகுதான் கோணாமலை தேநீரைத் தொடுவார். அதற்குள் அது ஆறிப்போயிருக்கும். "ஆறினா என்ன, வயித்துக்குள்ள போய்ச் சுடவா போகுது?" என்பார்.

தன்னாமுனையில் பழைய இரும்பு, போத்தல், பித்தளை எடுக்கிறவர். பதிலுக்குக் கச்சான்கடலை அல்வா. சைக்கிள் மணி கேட்டால் போதும், பிள்ளைகள் தாயின் நல்ல செம்பையே தூக்கிக்கொண்டு ஓடிவரும். "கொண்டு போய் அம்மாட்டக் குடு, இது இன்னும் சாகல்ல" என்று செம்பைத் திருப்பிக் கொடுத்து, அல்வாவையும் கொடுப்பார். வயரும் பற்றரியும் மட்டும் தொடமாட்டார். "ஆமிச் சென்றியில மறிச்சா ஆர் பதில் சொல்லுற?"

இப்படி ஒருவர் வியாபாரத்தில் நின்றுபிடித்ததற்குக் காரணம் ஏறாவூர் முகைதீன்பாவா. பித்தளை வாங்குகிறவர்; இவருக்கு அண்ணன் முறையில் 'காக்கா'. அப்போது கட்டுவது நீலத் துணி. நீலத் துணிச் சாக்கில் சுத்தப் பித்தளை மட்டும்தான் என்பது இருவருக்குமான பேச்சு. அதற்காகவே கோணாமலை பின்னேரமெல்லாம் குந்தியிருந்து இரும்பாணிகளைக் கழற்றுவார். முகைதீன்பாவா சாக்கைத் தராசில் நிறுத்து, கிளறிப் பார்க்காமல் குவியலில் கவிழ்த்து, துணியை மடித்து இவர் உள்ளங்கையில் வைப்பார். துணி திரும்பி வந்தால் அடுத்த சாக்கையும் கொண்டு வா என்று அர்த்தம். பிறகு பிளேன்ரீ, ஊர்க்கதை. பக்கத்து வீட்டுக்காரனான நானும் கூடப் போய்க் குடித்திருக்கிறேன்.

தொண்ணூறாம் ஆண்டுத் தமிழர், முஸ்லிம் கலவரத்தில் இரண்டு ஊருக்கும் நடுவே பாதை அடைபட்டது. இரண்டு பக்கமும் சாவு. கோணாமலையின் தம்பி போனான். முகைதீன்பாவாவின் மருமகனும் போனான். இரும்பும் போத்தலும் பட்டணத்து வியாபாரி ஒருவருக்குப் போயின. அவர் சாக்கைக் காலால் கவிழ்த்துக் கிளறுகிறவர். நீலத் துணிச் சாக்குகளை அவர் கண்ணில் காட்டாமல் இவர் மாட்டுக்கொட்டிலில் அடுக்கினார். அடுப்பு மூட்டாத நாளிலும் அவற்றில் கைவைக்கவில்லை.

மனைவி அன்னப்பூரணிக்குப் பொறுக்கவில்லை. "தம்பியப் பறிகுடுத்த பிறகும் அந்தாளுக்கெண்டு பொத்தி வைச்சிருக்கிறீங்க. அவர் உங்களுக்கு முகம் தருவாரா?"

"என்னகா, அந்த மனிசனா அவனக் கொன்றது? முகம் தராட்டித் திரும்பி வாறன்."

வருடங்கள் கழித்துப் பாதை திறந்ததும், ஒருநாள் காலை அவற்றில் ஒரு சாக்கை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். தனியே விட மனமில்லாமல் நானும் பின்னால் போனேன். பயந்துகொண்டுதான்.

முகைதீன்பாவாவின் தாடி முழுக்க நரைத்திருந்தது.

"இருக்கிறியா கோணாமலை?"

"ஓம் காக்கா. சாக்கொண்டு கிடக்கு."

சாக்கு தராசில் ஏறியது. பக்கத்தில் நின்ற மகன், "அவிழ்த்துப் பாருங்க வாப்பா, எத்தினை நாளாப் போச்சு" என்றான். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நிறுத்து முடித்து முடிச்சில் கை வைத்தார். கொட்டில் ஈரத்தில் இற்றுப்போயிருந்த நீலத் துணி அவர் விரலில் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

கோணாமலை பழைய வழக்கத்தில் உள்ளங்கையை நீட்டியபடி நின்றார். அதில் வைக்க ஒன்றும் இல்லை. கையை மடக்கவும் அவருக்குத் தெரியவில்லை.

முகைதீன்பாவா சாக்கைக் குவியலில் கவிழ்த்தார். பிறகு தோளில் கிடந்த பச்சைக்கரைச் சால்வையை எடுத்து, ஓரத்தைப் பல்லால் கடித்து, கரையோடு நீளமாக ஒரு துண்டைக் கிழித்தார். அதை மடித்து அந்த உள்ளங்கையில் வைத்தார்.