லேபிளில் போடாத பெயர்

பௌர்ணமி அன்று காலை எட்டு மணிக்கு லேப் மேடத்தின் தம்பி போன் செய்தார். அக்கா போய்விட்டார் என்றார். லீவுக்கு ஊருக்கு வந்தவர் குளித்துவிட்டு ஈரத்தலையோடு உட்கார்ந்தாராம், மார்பு வலிக்கிறது என்றாராம், ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். நான் சரி என்றேன். இழவுச் செய்தி சொல்பவரிடம் யாராவது சரி என்பார்களா? சொன்னேன். அப்புறம் பீப்பாய்க் கிடங்குக்குப் போய் அன்றைய வெப்பநிலையைப் பலகையில் எழுதினேன். அதன் பிறகுதான் ஷிப்டில் இருந்தவர்களுக்கு விஷயம் சொன்னேன்.

இதை நம் விஸ்கி ஆலையின் அறிவிப்புப் பலகைக்காக எழுதுகிறேன். தயவுசெய்து போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். அவர் பெயரையும் இதில் எழுதவில்லை. நாம் கூப்பிட்டபடியே லேப் மேடம் என்றுதான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று அவர் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார்.

புதுச்சேரி எல்லையிலிருந்து பஸ் பிடித்தேன். பௌர்ணமிக் கூட்டம் என்பதால் திருவண்ணாமலைக்கு வெளியிலேயே இறக்கிவிட்டார்கள். அவர் வீடு அடி அண்ணாமலையில். கிரிவலம் போகிறவர்களோடு நானும் நடந்தேன். என்னையும் பக்தர் என்று நினைத்து, அன்னதானப் பந்தலில் ஒருவர் ஒரு தொன்னை புளிசாதத்தைக் கையில் திணித்தார். தின்றுகொண்டே நடந்தேன். உப்பு கொஞ்சம் ஜாஸ்தி என்றுகூடத் தோன்றியது. சாவு வீட்டு வாசலில் போய் நின்றபோதும் காலித் தொன்னை கையில் இருந்தது. அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, அதுதான் என் நிலைமை.

அவர் வேலைக்குச் சேர்ந்தபோது நம் ஆலையில் வெளியிலிருந்து வாங்கிய பார்லியைத்தான் காய்ச்சிக்கொண்டிருந்தோம். நம்மூர் கேழ்வரகில் விஸ்கி செய்யலாம் என்று முதலாளியிடம் சொன்னது அவர்தான். முதல் தடவை பார்லியைப் போலவே கேழ்வரகையும் ஊறவைத்துத் தரையில் பரப்பினோம். பரப்பியது நான். மூன்றாம் நாள் மொத்தமும் பூசணம் பூத்துவிட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. பழைய வேட்டிகள் வேண்டும் என்று கேட்டார். ஈர வேட்டியில் கேழ்வரகைச் சின்னச் சின்ன மூட்டையாகக் கட்டி, கொடியில் வரிசையாகத் தொங்கவிட்டார். கைக்குழந்தைக்குக் கஞ்சி மாவு அரைக்க நம் வீடுகளில் முளைகட்டுவார்களே, அதே முறைதான். நாங்கள் எல்லோரும் கிண்டல் செய்தோம். முளை ஒரே சீராக வந்தது. "கொழந்தைக்கு வர்ற மொள விஸ்கிக்கு வராதாண்ணா?" என்று மட்டும் கேட்டார்.

முளையைக் காயவைக்கப் புகை வேண்டும் என்றபோது என்னைத்தான் கீழ்பென்னாத்தூருக்கு அனுப்பினார். என் சொந்த ஊர் அது. அங்கே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற இடங்களில் தோல் மலையாகக் கிடக்கும். ஒரு லோடு கொண்டுவந்து கொளுத்தினோம். அடியில் ஈரம் இருந்ததை நான் பார்க்கவில்லை. அந்த ஈடு முழுவதும் கசந்து வீணாய்ப் போனது. மறுபடி அனுப்பும்போது, தோலைக் கையில் நொறுக்கிப் பார்த்துச் சத்தம் வந்தால்தான் ஏற்ற வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். கேழ்வரகு கொண்டுவரும் வண்டியிலேயே காய்ச்சி முடித்த சக்கையைத் திருப்பி அனுப்பி, அந்த விவசாயிகளின் மாடுகளுக்குக் கொடுக்கச் சொன்னதும் அவர்தான். ஆனால் எங்கள் மாவட்டத்துப் பக்கம் கொள்முதலுக்கு அவர் ஒருநாளும் வந்ததில்லை. எத்தனை முறை கூப்பிட்டாலும் வேலை இருக்கிறது என்பார். எனக்கு அது கொஞ்சம் திமிராகத்தான் பட்டது.

அவர் ஒரு சொட்டுகூடக் குடித்ததில்லை என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பீப்பாயிலிருந்து இரண்டு துளியை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து முகர்வார், அவ்வளவுதான். ஆவியாகிக் குறைந்துபோகும் விஸ்கியை வெளிநாட்டுக்காரர்கள் தேவதைகளின் பங்கு என்பார்கள் என்று முதலாளி ஒருநாள் பெருமையாகச் சொன்னார். மேடம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தேவதை எதுக்குங்க? வெயில்ல போச்சுன்னு எழுதுங்க" என்றார்.

மூன்று வருடத்துக்கு முன் கேழ்வரகு விஸ்கியைப் பீப்பாயில் நிரப்பிய அன்று, பாட்டில் லேபிளில் மேடத்தின் பெயரைப் போடப்போவதாக முதலாளி அறிவித்தார். மேடம் வேண்டாம் என்றுவிட்டார். தன்னடக்கம் என்று எல்லோரும் கைதட்டினார்கள். சாயங்காலம் டீக்கடையில்தான் என்னிடம் உண்மையைச் சொன்னார். வீட்டில் மாவு கம்பெனியில் வேலை என்று சொல்லிவைத்திருக்கிறாராம். பக்கத்து ஊர்க்காரன் என்பதால் என்னிடம் மட்டும் சொல்கிறாராம்.

"எங்கப்பா குடிச்சே செத்தாருண்ணா. எங்கம்மா பட்டது கொஞ்சமில்ல. இது தெரிஞ்சா தாங்காது. அம்மா இருக்கற வரைக்கும் எம்பேரு வேணாம்."

அப்படியானால் ஏன் இந்த வேலைக்கு வந்தீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் அவர் கோபப்படவில்லை.

"எங்கப்பா குடிச்சதுல என்னா இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. நான் செய்யறதுல என்னா இருக்குன்னு எனக்குத் தெரியும்."

அது அவருக்கே போதுமான பதிலா என்று எனக்குத் தெரியவில்லை. டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார். நானும் அதன் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வரும்போது அக்கா செய்த மாவில் கொஞ்சம் கொண்டுவர முடியுமா, படையலில் வைக்க வேண்டும் என்று தம்பி கேட்டார். நம் கிடங்கில் அவர் கடைசியாகக் காயவைத்த முளையில் இரண்டு கிலோ எடுத்து, மில்லில் அரைத்துக் கொண்டுபோனேன். அதில் கஞ்சி காய்ச்சி வடை பாயசத்தோடு வைத்தார்கள். படையல் முடிந்ததும் மேடத்தின் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மீதி மாவுப் பையைப் பிரித்து முகர்ந்து பார்த்தார்.

"மல்லாட்டத் தோலு பொக. மாசாமாசம் வர்றப்போ அவ பொடவையில இந்த வாசனதான் வரும். இத அவதான் செஞ்சாளாப்பா?"

"ஆமாம்மா. அவங்க மாதிரி செய்ய ஆளில்ல."

அதுவரை நான் பொய் சொல்லவில்லை.

"டப்பா மேல அவ பேரு போட்டாங்களா?"

"இல்லம்மா. அவங்கதான் வேணாம்னுட்டாங்க."

"அவ அப்டிதான் சொல்லுவா. நீ போடச் சொல்லுப்பா. ஒழச்சவ பேரு நாலு பேருக்குத் தெரிய வேணாமா?"

சரிங்கம்மா என்றேன். அந்தப் பொய்யைச் சொன்னபோதும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை.

போன வாரம் முதலாளி கூப்பிட்டார். கேழ்வரகு விஸ்கி தயாராகிவிட்டது, இனி யார் தடுக்கப்போகிறார்கள், பெயரைப் போட்டுவிடலாம், அவருக்கு அது மரியாதை என்றார். காரியத்தன்று அம்மாவே சொன்னாராமே என்றும் கேட்டார். அதை அவரிடம் சொன்னது நான்தான், என் வாயை என்ன செய்வது. அந்த அம்மா போடச் சொன்னது மாவு டப்பாவுக்கு, பாட்டிலுக்கு இல்லை என்று சொன்னேன். தனக்கு முன்னால் மகள் போவாள் என்று அந்த அம்மாவும் நினைக்கவில்லை, மேடமும் நினைக்கவில்லை. அதற்காகச் சொன்ன சொல் மாறிவிடுமா? முதலாளி என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒத்துக்கொண்டார்.

லேபிளில் கேழ்வரகு என்று இருக்கும், கீழ்பென்னாத்தூர் மல்லாட்டைத் தோல் புகை என்று இருக்கும். அதற்குக் கீழே ஒரு வரி அளவுக்கு இடம் விடச் சொல்லியிருக்கிறேன். அது அச்சுப்பிழை இல்லை, யாரும் புகார் எழுத வேண்டாம்.

லேப் மேடத்தின் நினைவாக என்னிடம் இருப்பது அவர் பெயர்தான். அந்த அம்மா இருக்கும்வரை அது வெளியே வராது. அந்த அம்மா நூறு வயது இருக்கட்டும்.