வாயாடியின் பெயரை அழித்த மத்தியானம்

சத்தியமாக நடந்தது. ஒரு சிட்டிகைகூட நான் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்!

எங்கள் மாடிவீட்டு ஸ்டோர்கீப்பரிடம் ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர் இருந்தது. அதன் விசிறி சுற்றினால் அடுத்த தெரு நாய்கள் குரைக்கும். அதனால் அதற்கு 'வாயாடி' என்று பெயர் வைத்திருந்தார். முதல் மனைவியையும் அப்படித்தான் கூப்பிடுவார். தூக்கத்தில்கூடப் பேசுகிறவள். போன வருஷம் செத்த பிறகுதான் வாயை மூடினாள்.

இரண்டாவது மனைவி நேர்மாறு. ஒரு வார்த்தை பேசினால் மறுவார்த்தைக்கு மறுநாள் ஆகும். இவளைச் செல்லமாக 'மகாராணி' என்பார். ஒரு நாள் அவள் திரையில் அந்தப் பழைய பெயரைப் பார்த்துவிட்டாள்.

"அவ பேரு இருக்கற வீட்டுல நான் இருக்க மாட்டேன்."

பெட்டியோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஸ்டோர்கீப்பருக்குச் சோறு இறங்கவில்லை. கம்ப்யூட்டர் தெரிந்தவன் ஒருவன்தான், செத்தவளின் தம்பி. கூச்சமே இல்லாமல் அவனுக்கே ஃபோன் போட்டார்.

"பேரை மாத்தணும்டா."

"அக்கா பேரையா, மாமா?"

"எப்படின்னு மட்டும் சொல்லு. அழுகையெல்லாம் அப்புறம்."

சொன்னான். "இருங்க மாமா, ஹோஸ்ட்ஸ் ஃபைல்னு மெஷினுக்குள்ள ஒரு பேர்ப் பட்டியல் இருக்கு, அதுலயும் பழைய பேரு இருக்கும், அதையும்..."

இவர் ஃபோனை வைத்துவிட்டார்.

நல்ல வெயில். 'மகாராணி' என்று அடித்தார். என்டர். மறுபடி துவக்கினார். புதுப் பெயர் வந்தது.

விசிறி சுற்றியது. ஆனால்... சத்தமே இல்லை.

அடுத்த கட்டளைக்குத் திரை முரண்டு பிடித்தது. 'மகாராணி' என்று யாரையும் தெரியாதாம்.

விளையாட்டாகப் பழைய பெயருக்கு 'பிங்' அடித்தார். பெயர் சொல்லிக் கூப்பிடுவது போலத்தான் அது. பதிலில் வரும் எண் பெரிதென்றால் ஆள் தூரத்தில். சிறிதென்றால் பக்கத்தில்.

பதில் வந்தது.

தொண்ணூறு.

நாற்பது...

பன்னிரண்டு...

மூன்று...

பூஜ்யம்.

டிங் டாங்!

வாசலில் மகாராணி. கையில் பெட்டி.

"பேரை மாத்திட்டேன்!" என்றார், கண்ணில் நீரோடு.

"ஏங்க இப்படி எளைச்சுட்டீங்க, என் பச்சை டப்பாவை யாரு பரண்ல போட்டது, சட்டைப் பித்தானைக்கூடத் தைக்க ஆளில்லையா, அந்தத் தம்பிப்பய வந்தானா..."

மூச்சே விடவில்லை.

"மகாராணி..."

அவள் தன் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"யாருங்க அது?"

அவர் கண் கம்ப்யூட்டர் பக்கம் போயிற்று.

"வாயாடி...?"

"என்னங்க?" என்றாள். சிரித்தாள்.

மறுநாளே அவள் சொல்லி, கம்ப்யூட்டர் பழைய சாமான் கடைக்குப் போயிற்று. சில நாள் கழித்து அந்தக் கடை மெக்கானிக் கூப்பிட்டான்.

"சார், மெஷின் பேரை 'மகாராணி'ன்னு சும்மா வாய்விட்டுப் படிச்சேன். உள்ளேருந்து ஒரு பொம்பளை 'ம்'ங்கறா."

"ஸ்பீக்கரா இருக்கும்."

"டிஸ்க்கை உருவிட்டேன். கரண்டும் கொடுக்கல. இன்னும் 'ம்'ங்கறா, சார்... இப்ப அழறா."

சமையலறையில் பேச்சு நின்றது.

"யாருங்க ஃபோன்ல?"

"ராங் நம்பர்," என்றார் ஸ்டோர்கீப்பர்.