பின்னால் இருந்த கை

என் தங்கை புருஷனுக்கு நான் வைத்த பெயர் 'செக்கிங்'. பெரிய கடை ஒன்றின் வாசலில் நின்று, வெளியே போகிறவர்களின் பையையும் பில்லையும் ஒப்பிட்டுப் பார்த்து சீல் குத்தி அனுப்புகிற வேலை. யார் முகத்தையும் பார்க்க மாட்டார், கையைத்தான் பார்ப்பார். "திருடுறவன் சிரிச்சுக்கிட்டேதான் போவான் மச்சான், கைதான் காட்டிக் குடுக்கும்" என்பார்.

வேலையைக் கடை வாசலோடு விட்டுவிட்டு வந்தால் பரவாயில்லை. பால் பாக்கெட்டை வாங்கியதும் உள்ளங்கையில் வைத்துத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார். மேல்வீட்டில் நான் குடியிருக்கிறேன்; என் குழாயில் தண்ணீர் வேகமாக வந்தால் அதற்கும் ஒரு சந்தேகம். சில நேரம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தங்கை வீடாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொள்வேன்.

அவர்களுக்கு ஒரே மகள், குட்டி. ஐந்து வயது நெருங்கியும் பேச்சு வரவில்லை. ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னதை, வேறு டாக்டர்களிடமும் காட்டிச் சரிபார்த்த பிறகுதான் செக்கிங் ஒப்புக்கொண்டார். வேண்டியதைச் சொல்ல முடியாதபோது குட்டிக்கு வருகிற ஆத்திரம் இருக்கிறதே, பார்க்கிறவர் நெஞ்சைப் பிசைந்துவிடும். மணிக்கட்டைக் கடித்துக்கொள்வாள், சுவரில் தலையை முட்டுவாள். கடித்துக் கடித்து அந்த இடமே காய்த்துப் போயிருந்தது. குழந்தை என்ன கேட்கிறாள் என்பது எங்கள் யாருக்கும் புரியாது.

பிறகு, இப்படிப்பட்ட குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஒரு டீச்சர் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். பிஸ்கட், தண்ணீர், ஊஞ்சல் என்று பட அட்டைகளை ஒரு நீளமான துணிப் பட்டையில், இழுத்தால் பிய்ந்து வருகிற மாதிரி ஒட்டி வைத்தார். வேண்டியதன் படத்தைப் பிய்த்து எதிரில் இருப்பவர் கையில் கொடுக்க வேண்டும், கொடுத்தால் அது உடனே கிடைக்கும். டீச்சர் எதிரில் உட்காருவார். தங்கை குட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, அவள் முழங்கையைப் பிடித்து நகர்த்திக் கொடுப்பாள்.

அந்தக் கையை செக்கிங் பார்த்துவிட்டார்.

"குட்டி எங்க குடுக்குறா? பின்னாடி இருக்கிற கைதானே குடுக்குது."

"ஆரம்பத்துல அப்படித்தான் சார். போகப்போக கையை எடுத்துடுவோம்" என்றார் டீச்சர்.

சொன்னபடியே தங்கை மெல்ல மெல்லத் தன் கையை விலக்கிக்கொண்டாள். இவர் விட்டாரா? "வளையல் சத்தத்துல சிக்னல் குடுக்குறா" என்றார். தங்கை வளையலைக் கழற்றி வைத்தாள். "கண்ணைக் காட்டுறா" என்றார். கடையில் யாரோ, படம் காட்டிப் பழக்கினால் பிள்ளை பேசவே பேசாது என்று வேறு ஓதிவிட்டிருந்தார்கள். கடைசியில் ஒரு நாள், தானே சோதித்துப் பார்க்கப் போவதாகவும், தேறாவிட்டால் பட்டை பரணுக்குப் போகும், டீச்சரும் வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

தங்கைக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "இப்பத்தான் கடிச்சுக்கிறது கொறைஞ்சிருக்கு. அதையும் புடுங்கிட்டா அவ எதை வச்சுங்க கேப்பா?"

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தங்கையைத் துணி காயப்போட மொட்டை மாடிக்கு அனுப்பினார். என்னைச் சாட்சியாகச் சமையலறை வாசலில் உட்கார வைத்தார்.

"கையைக் கட்டிக்குங்க மச்சான். கண்ணையும் அந்தப் பக்கம் திருப்பிக்குங்க."

"அப்புறம் எதுக்கு மாப்பிள்ளே சாட்சி?"

பிஸ்கட் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு குட்டிக்கு எதிரே உட்கார்ந்தார். அவள் பிஸ்கட் படத்தைப் பிய்த்துக் கொடுத்தாள். ஒரு துண்டு கிடைத்தது. படங்களை இடம் மாற்றினார், சரியாக எடுத்தாள். பட்டையைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். கழுத்தைச் சாய்த்துப் பார்த்து அதையே எடுத்தாள்.

"ஜெயிச்சுட்டா, விடுங்க" என்றேன்.

"இன்னும் ஒரே ஒரு தடவை."

இந்த முறை படத்தை வாங்கிக்கொண்டு டப்பாவை மூடிவிட்டார். தராவிட்டால் கண்டதையும் பிய்த்துக் கொடுக்கிறாளா என்று பார்க்க வேண்டுமாம். குட்டியின் தொண்டையிலிருந்து, ஆத்திரத்துக்கு முன்னால் வருகிற அந்த முனகல் கிளம்பியது. மணிக்கட்டு வாயை நோக்கிப் போனது. நான் எழுந்தேவிட்டேன்.

குட்டியின் கை பாதியில் நின்றது. பட்டையின் கோடியிலிருந்து, நான் அதுவரை பார்த்திராத ஓர் அட்டையைப் பிய்த்தாள். சிவப்பில் வரைந்த, விரித்த உள்ளங்கை. அதை அப்பாவின் கையில் வைத்து, அவர் விரல்களையும் மூடிவிட்டாள்.

செக்கிங் சட்டென்று அவளுக்குப் பின்னால் பார்த்தார். சுவர்தான் இருந்தது. என்னைப் பார்த்தார், மாடிப்படியைப் பார்த்தார். யாரும் இல்லை. பிஸ்கட்டை நீட்டினார். குட்டி அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், அட்டையோடு அவர் கையைத் தள்ளினாள்.

அவர் போட்ட கூப்பாட்டில் தங்கை ஈரத்துணியோடு ஓடி வந்தாள். அட்டையைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அது 'போதும்'ங்க. இப்பத்தான் சொல்லிக் குடுத்துக்கிட்டிருக்கோம். தானா ஒரு தடவைகூட எடுத்ததில்ல."

"யாருக்குப் போதுமாம்?"

"உங்களைத்தான் சொல்றா. எந்திரிங்க மொதல்ல."

எழுந்து அறை வாசலுக்கு வந்தார், நாங்களும் கூட வந்தோம். குட்டி ஜன்னலோரம் போய்த் திரையின் நுனியைச் சுருட்டத் தொடங்கினாள். மணிக்கட்டில் எச்சில்கூடப் படவில்லை. இனி என்ன நொட்டை சொல்லப் போகிறாரோ என்று நான் காத்திருந்தேன்.

"மச்சான், எம்பொண்ணு எங்கிட்டப் பேசிட்டா" என்றார். "பேசுன மொதல் பேச்சே, போதும் போய்யான்னு." சிரித்தார், கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அந்த மனுஷனைப் போய்க் கண்டபடி நினைத்தோமே என்று இருந்தது எனக்கு.

அட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அதை எங்க கொண்டு போறீங்க?" என்றாள் தங்கை.

"எனக்குன்னு குடுத்தது. எங்கிட்டயே இருக்கட்டுமே."

"அப்புறம் நாளைக்கு உங்களை எப்படி நிறுத்துவா?"

சட்டைப் பையிலிருந்து அட்டையை வெளியே எடுத்தார். பிறகு குட்டியைத் தொந்தரவு செய்யாமல் சுவரோரமாக உள்ளே நடந்துபோய், அதைப் பட்டையில் முதல் இடத்தில் ஒட்டினார். சின்னக் கை பிய்த்தால் சுலபமாக வருகிறதா என்று ஒரு விரலால் இழுத்துப் பார்த்தார்.