பெருமூச்சுக்குத் தடை நீங்கிய நாள்

வயிற்றில் ஒப்பரேசன் முடிந்த மறுநாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கோழிக்குஞ்சு மாதிரி மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்சம் ஆழமாக இழுத்தாலும் தையல் சுண்டியது. நெல் மூட்டையைத் தனியாளாகத் தூக்குவேன் என்று எங்கள் ஊர் பரந்தன் முழுக்க நானே பரப்பிய கதை அன்றோடு முடிந்தது.

மூச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் என் முதுகில் குழாயை வைத்து மூச்சுச் சத்தத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"ஐயா, நுரையீரலுக்குள்ள சின்னச் சின்னக் காற்றுப்பைகள் இருக்கு. அதுகள் சுருங்கி ஒட்டாமல் இருக்க வழுவழுப்பான ஒரு நீர் சுரக்குது. ஆழமா இழுத்தால்தான் அது நல்லாச் சுரந்து பரவும். நீங்கள் இப்பிடி நுனி மூச்சு விட்டால் பைகள் ஒட்டி, சளி கட்டி, நியூமோனியா வந்திடும். மணித்தியாலத்துக்குப் பத்துப் பெருமூச்சு விடுங்கோ."

எங்கள் வீட்டில் பெருமூச்சு விட்டால் தரித்திரம் பிடிக்கும் என்பது மனைவியின் சட்டம். கல்யாணமான நாள் முதல் பாதியிலேயே விழுங்கிப் பழகியவன் நான்.

"மனிசி விடமாட்டா, தங்கச்சி" என்றேன்.

பக்கத்துக் கதிரையில் இருந்த மனைவி சீறினாள். "என்னைச் சாட்டாதேங்கோ! அது வீட்டுக்குத்தான் கூடாது. இஞ்ச விடுங்கோ!"

தையல் அசையாதிருக்கத் தலையணையை வயிற்றோடு அணைத்து, மூச்சை ஆழமாக இழுத்து விட்டேன். கண்ணீர் வந்தது.

"ஒண்டு" என்று எண்ணினேன்.

"அது அரை மூச்சு. திருப்பி விடுங்கோ" என்றாள் மனைவி.

பத்தும் முடிந்தபோது சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. அடுத்த மணித்தியாலம் மனைவி வாய் திறக்குமுன் நானே தலையணையைக் கையில் எடுத்துவிட்டேன்.